கடைசி வரி வரை தெரிகிறது

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கோபமாகவும் இருப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன் உதவி வேண்டும்.

பள்ளிகளுக்கு இடையே ஒரு கட்டுரைப் போட்டி. தலைப்பு, ‘இலக்கியத்திலும் வாழ்விலும் பார்வையின்மை’. நூலகத்தில் ஒன்பது புத்தகங்கள் எடுத்துப் படித்து முடித்துவிட்டேன். கதைகளில் கண் தெரியாதவர்கள் இரண்டே வகைதான், அக்கா. ஒன்று, எல்லாம் அறிந்த ஞானி. இல்லையென்றால், பாவம் செய்து தண்டனை அனுபவிப்பவர். பல்வலியில் அவதிப்படுபவர், பக்கத்து வீட்டாரோடு தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போடுபவர் என்று ஒருவர்கூட இல்லை. நீ தினமும் கண் ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குப் பார்வை பரிசோதிக்கிறாய். உண்மையில் அவர்கள் எப்படி இருப்பார்கள்? எழுது. சுவரில் மாட்டி எழுத்துகளைப் படிக்கச் சொல்வீர்களே, அந்தச் சார்ட் பழையதாக ஒன்று இருந்தால் அதையும் அனுப்பு.

‘கண்மூடித்தனம்’, ‘குருட்டு அதிர்ஷ்டம்’, ‘குருட்டாம்போக்கு’ என்று நாம் தினமும் பேசுகிற சொற்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இருபத்தாறு ஆகிவிட்டது. கண் தெரியாதவர்களைப் பற்றி ஒன்றுகூட நல்லதாக இல்லை.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். உன் பெயரைச் சொல்வதில்லை. “அந்த ஆஸ்பத்திரிக்காரி” என்கிறார். போன விடுமுறையில் டிப்போவில் அத்தனை டிரைவர்கள் முன்னால் நீ விரலை நீட்டி, “எத்தனை, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டிருக்க வேண்டாம். இரண்டு விரலுக்கு அவர் நான்கு என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். “இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டுறவனைக் கோமாளியாக்கிட்டுப் போயிட்டா” என்று போன வாரம்கூடச் சொன்னார். அவர் விளையாட்டுக்குத்தான் நான்கு என்று சொன்னார் என்றே நான் நினைக்கிறேன். உனக்குத்தான் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

பதிலைப் பள்ளி நூலக முகவரிக்கு அனுப்பு. நூலகர் டீச்சர் பத்திரமாகத் தருவார்.

உன் தங்கை


ஜூன் 20

புத்தகப்புழுவுக்கு,

கோபமாக இல்லை. களைப்பாக இருக்கிறேன். இன்று நாற்பத்தாறு பேர்.

ஞானி யாரும் இங்கே வந்ததில்லை. இன்று வந்த பெரியவர், மருமகள் தன் தட்டில் மட்டும் குறைவாக வைக்கிறாள் என்று என்னிடம் புகார் செய்தார். “கண்ணுதான் தெரியலம்மா, கைக்குத் தெரியாதா?” என்றார். ஒரு தையற்காரி வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் மூன்று வருடம் தவித்திருக்கிறாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா தெரிஞ்சிடுமே” என்றாள். இதை உன் கட்டுரையில் எழுது.

எங்கள் வேலையில் பாதி கண்ணைப் பார்ப்பது அல்ல, பொய்யைப் பார்ப்பது. முன்னால் நிற்பவர் படிப்பதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிடுவார்கள். அதனால் வரிசையைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

ஓரம் கிழிந்த சார்ட் ஒன்றைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லா இடத்திலும் தொங்குவது இதே அச்சுதான். ஆறு மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். வீட்டில் ஒருத்தி என் வேலையைப் பற்றி ஆசையாகக் கேட்டுவிட்டாள் என்று இன்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அப்பா சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? பேப்பர் படிக்கிறாரா? அவரிடம் கேட்காதே. கவனித்துச் சொல்.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்கா,

சார்ட் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டார். போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பினார்கள் என்றேன். பொய் சொன்னதற்கு நீ வருத்தப்படாதே, ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது மிகவும் நல்ல விஷயம்.

அப்பாவுக்கு என் கட்டுரையில் ஆர்வம் வந்துவிட்டது! டூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சார்ட்டுக்கு எதிரே நிற்கிறார். “நீ படிம்மா, நான் திருப்பிச் சொல்றேன். உனக்கும் ஒத்தாசையா இருக்கும்ல” என்கிறார். நான் ஸ்கேலால் தொட்டுத் தொட்டுப் படிப்பேன். அவர் சொல்வார். நான்கே நாளில் ஏழு வரியும் வந்துவிட்டது. “கடைசி வரிய என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன். எங்க வாத்தியார் இதைப் பாத்தாருன்னா மயக்கம் போட்டு விழுந்துடுவாரு” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா போன பிறகு நம் வீட்டு முன்னறையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

நீ கேட்டது: மாத்திரை டப்பா அலமாரியில் இருக்கிறது, போடுகிறாரா என்று பார்க்கவில்லை. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். “பொய்யைத் தவிர வேற என்னத்தைப் போடுறான்” என்கிறார். தலைப்புகளை மட்டும் நான் வாசிக்கிறேன்.

பதினான்காம் தேதி டிப்போவில் டிரைவர்களுக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. அன்று அவருக்கு விடுமுறை மாதிரிதான். மாலையில் எனக்கு ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் தங்கை


ஜூலை 9

சார்ட்டைக் கழற்று. இந்தக் கடிதத்தை நூலகத்தில் நின்று படிக்கிறாய் என்றால், வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.

நான் போன கடிதத்தில் எழுதியதை நீ படிக்கவில்லையா? ஒப்பித்துவிடுவார்கள் என்று எழுதினேனே. இத்தனை புத்தகம் படிக்கிறாய், எதிரே நிற்கிற ஆளைப் படிக்கத் தெரியவில்லையா?

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அது முற்றினால் விழித்திரையில் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியும். வலிக்காது. நேராகப் பார்க்கும் இடத்தில் புகை படிந்த மாதிரி இருக்கும். அதனால்தான் பேப்பரில் பொய். அதனால்தான் என் இரண்டு விரல் நான்கு.

நான் சொல்வதை நம்ப மாட்டாய். சார்ட்டைத் தலைகீழாக மாட்டிப் படிக்கச் சொல். பதினான்குக்கு முன்னால்.

அக்கா


ஜூலை 16

அக்கா,

உன் கடிதம் பதினைந்தாம் தேதிதான் வந்தது. முந்தைய நாளே எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் கொடுத்த சான்றிதழை அப்பா என்னிடம் நீட்டி, “என்ன எழுதியிருக்கான், வாசி” என்றார். ‘கடைசி வரி வரை தெரிகிறது’ என்று எழுதியிருந்தது. வாசித்தேன். எனக்கு ஒரு மசிப்பேனா வாங்கி வந்திருந்தார். இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். வேறு பேனா எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் எழுதவும் பிடிக்கவில்லை.

நேற்று மாலை நீ சொன்னபடி செய்தேன். அவர் முகம் கழுவப் போயிருந்தபோது ஆணியிலிருந்து கழற்றித் தலைகீழாக மாட்டினேன்.

“அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்களேன்.”

“அதான் பாஸாயிட்டேனே, இன்னும் என்ன பரீட்சை?” என்று சிரித்துக்கொண்டே வழக்கமான இடத்தில் வந்து நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகத்தைச் சார்ட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, பெரிய எழுத்திலிருந்து தொடங்கினார். அந்த எழுத்து அப்போது அடியில், தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. ஏழு வரியும் சொன்னார். ஒரு பிழை இல்லை.

“எப்படி?”

“சரியா இருக்குப்பா.”

வேறு என்ன சொல்ல முடியும்? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

உன்மேல் எனக்குக் கோபம். நான் மக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ ஜூனிலேயே ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ‘கவனித்துச் சொல்’ என்று ஏதோ நர்ஸுக்கு உத்தரவு போடுவது போல எழுதினாய். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அக்கா. ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக.

கட்டுரையை நான் அனுப்பப் போவதில்லை.


ஜூலை 21

குட்டிக்கு,

உன் கோபம் நியாயம். சார்ட்டைச் சுருட்டி அனுப்பிய கை என்னுடையது. பெருமையில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு என்ன செய்தேன்? ஆள் நிறைந்த இடத்தில் விரலை நீட்டினேன். இப்போது உன்னை விட்டும் ஒரு சோதனை வைத்தேன். தலைகீழ் என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பெரிய எழுத்து அவருக்குத் தெரிந்திருக்கலாம், முயன்று பார்த்திருந்தால். மனப்பாடம் செய்தவர் பார்ப்பதை விட்டுவிடுவார். என் பயம் அதுதான். பதினேழாம் எண் பஸ், அதே பாதை, அத்தனை வருடம். மேடு, பள்ளம், திருப்பம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ரோட்டையும் அவர் ஒப்பித்துக்கொண்டுதான் ஓட்டுகிறாரா?

ஒரு நாள் அவருடைய பஸ்ஸில், அவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து போ. பிறகு அவரிடம் பேசு. சோதனை வேண்டாம், பேச்சு.

இப்போதே வைத்தியம் பார்த்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது வராது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை போனேன். டிரைவருக்குப் பின்னால் ஒற்றை இருக்கை. கண்டக்டர், நம் விசில் மாமா, என்னைப் பார்த்து, “பாப்பா என்ன செக்கிங்கா?” என்று கேலி செய்தார். அப்பாவுக்கு மிகவும் சந்தோஷம்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு விசிலைக் கவனித்தேன். நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மாமா நடு நடுவே மூன்று குட்டி விசில் அடித்தார். அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டே, படியில் நிற்பவர்கள் தலைக்கு மேலாக எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க்கெட் திருப்பத்தில் அவர் யாருக்கோ சில்லறை பொறுக்கக் குனிந்தார். அதே நேரத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் குறுக்கே வந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிவப்பு வண்டி. அப்பாவின் கால் அசையவில்லை. நான் “அப்பா!” என்று கத்தினேன். பஸ் நின்றபோது வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அப்பா தலையை வெளியே நீட்டி, “யோவ்! கண்ணு தெரியலையா உனக்கு? வீட்டுல சொல்லிட்டு வந்தியா?” என்றார்.

“பட்டப்பகல்ல இவ்ளோ பெரிய செவப்பு வண்டியத் தள்ளிட்டு வர்றேன். இதுக்கு மேல என்ன, நான் மேளம் வச்சுட்டு வரணுமா?” என்றார் அவர். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் கழுத்துப் பின்புறம் வியர்த்து ஓடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைசி நிறுத்தத்தில் மாமாவைத் தனியாகப் பிடித்தேன். அவர் மறைக்கவில்லை. “ரெண்டு வருஷமா இப்படித்தான் பாப்பா ஓடுது. அவன் ஓட்டுறான், நான் பாக்குறேன். அவனும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எட்டாம் தேதியிலிருந்து தனக்கு ஒரு மாதம் லீவு, குடலிறக்க ஆபரேஷன் என்றார்.

“அப்ப யாரு மாமா மூணு விசில் அடிப்பாங்க?”

டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் பேசினேன். கண்ணைக் காட்டிவிட்டு வரலாம், லீவு போடுங்கள் என்றேன்.

“அவ சொல்லிக் குடுத்தாளா?”

“இல்லப்பா. நான் பாத்தேன்.”

“ரோடு எனக்குத் தெரியும்மா. அது எங்கயும் ஓடிடாது.”

“ரோடு ஓடாதுப்பா. ஆளுங்க ஓடுவாங்கல்ல?”

சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். எட்டாம் தேதிக்கு ஆறு நாள் இருக்கிறது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

உன் தங்கை


ஆகஸ்ட் 4 (விரைவுத் தபால்)

டிப்போ மேனேஜரிடம் நேரில் போ. மொட்டைக் கடிதம் வேண்டாம். நீ பார்த்ததை மட்டும் சொல். வேறு சார்ட்டில், வேறு வரிசையில் மறுபடி பரிசோதிக்கச் சொல். எனக்கு இங்கே முகாம், லீவு தரமாட்டேன் என்கிறார்கள். இல்லையென்றால் உன்னை அனுப்பமாட்டேன்.

யார் சொன்னது என்று அப்பா கேட்டால் என் பெயரைச் சொல். ஏற்கெனவே என்னிடம் பேசாமல் இருப்பவர் இன்னொரு தடவை பேச்சை நிறுத்த முடியாது.

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்கா,

ஆறாம் தேதி பள்ளிச் சீருடையிலேயே போனேன். மேனேஜர் முழுவதும் கேட்டார். “பெத்த அப்பனை நீயே மாட்டி விடுறியே, பயமா இல்லையா?” என்றார். “இருக்கு சார். பஸ்லேருந்து அவரை இறக்கி விட்டுட்டீங்கன்னா இந்த பயமாவது போகும்” என்றேன். தைரியசாலி மாதிரி எழுதியிருக்கிறேன், அப்படி இல்லை.

மறுநாள் பரிசோதனை. வேறு சார்ட். இரண்டு வரிக்கு மேல் போகவில்லையாம். அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சீருடைச் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“உங்கக்கா சாதிச்சிட்டா. அங்க உக்காந்துட்டே எழுதிப் போட்டிருக்கா” என்றார். யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. நான் உன் பெயரைச் சொல்லவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். “நீ ஒருத்தியாவது என் பக்கம் இருக்கியே” என்கிறார். திட்டினால் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியவில்லை.

இன்று உனக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இதோடு இருக்கிறது. அதில் நான்கு வரிகள் அவருடையவை: “இருபத்திரண்டு வருஷம் நான் ஒரு கோழிக்குஞ்ச ஏத்துனதில்ல. நீ என்னை ஏத்திட்டுப் போயிட்ட. பெத்த பொண்ணு செய்யிற வேலையா இது? இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத.”

அவர் சொல்லி முடித்த பிறகும் என் கை நிற்கவில்லை. கீழேயே எழுதினேன்: ‘அப்பா, டிப்போவுக்குப் போனது அக்கா இல்லை, நான். உங்களுக்குச் சார்ட்டைச் சொல்லிக் கொடுத்ததும் நான். இந்த வசவு என் பெயருக்கு வர வேண்டியது.’

“இன்னும் என்னம்மா எழுதிட்டிருக்க?”

“முகவரிப்பா.”

“கையெழுத்து எங்க போடணும்?”

அவர் விரலைப் பிடித்து வைத்தேன். என் வரிகளுக்குக் கீழே போட்டார். கோணலாக, என் கடைசி வரி மேலேயே ஏறிவிட்டது. அவரிடம் சொல்லிவிட்டது போலவும் இருக்கிறது, சொல்லாதது போலவும் இருக்கிறது. இது போதுமா, அக்கா?


ஆகஸ்ட் 21

என் குட்டிக்கு,

போதாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குவோம். பார்வை இல்லாதவரிடம் வாங்குவதென்றால், தாளில் இருப்பதை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். ‘படித்துக் காட்டினேன்’ என்று படித்தவர் எழுதித் தன் கையெழுத்தைப் போட வேண்டும். அது இல்லாத தாளை வைத்துக்கொண்டு டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். நீ அனுப்பிய தாளில் அந்த வரி இல்லை. ஆகவே திருப்பி அனுப்புகிறேன். உள்ளே இருக்கிறது.

தப்பு என்னிடமிருந்து தொடங்கியது. என் பெயரைச் சொல் என்று உனக்குச் சொன்னேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். விசில் மாமாவும் அப்படித்தானே நினைத்தார்? அப்பாவைச் சுற்றி இருக்கிற நாம் எல்லோரும் பாசத்தில்தான் அவருக்குத் தெரியாமல் எதையாவது செய்கிறோம்.

முப்பதாம் தேதி வருகிறேன். படி ஏறாதே என்றால் கீழே நிற்கிறேன். நான் வரும் முன்பே படித்துக் காட்டு. நான் வந்த பிறகு என்றால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை, காலை உணவுக்குப் பிறகு. அவருடைய நான்கு வரி, என்னுடைய மூன்று வரி, ஒரு சொல் விடாமல். நீ முப்பதாம் தேதி வருவதையும் சொன்னேன்.

“மறுபடி படி” என்றார். படித்தேன்.

“இதுக்குக் கீழயா என் கையெழுத்து இருக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அதை அடிச்சிடு.”

பேனாவை எடுத்து அடித்தேன். மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அடிச்சிட்டியா, இல்ல அடிச்சேன்னு சொல்றியா?”

திட்டவில்லை, அக்கா. குரலைக்கூட உயர்த்தவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். “அடிச்சிட்டேன்பா” என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. தாளை அவர் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். மைக்கு மேடு பள்ளம் ஏது? நான்காகக் கிழித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

டிப்போவிலிருந்து அவரை இங்குள்ள கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று அங்கிருந்து சீட்டு வந்தது. விழித்திரைக்கு வைத்தியம் தொடங்கும் தேதி, செப்டம்பர் 4, காலை ஒன்பது மணி, வெறும் வயிறு. வாசித்தேன். சரி என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு, என் தோளைத் தொடாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே இறங்கினார். மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரரிடம் சீட்டை நீட்டி, “இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிங்களேன்” என்றார். அவரும் செப்டம்பர் 4, காலை ஒன்பது மணி, வெறும் வயிறு என்றுதான் வாசித்தார்.

மேலே வந்ததும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அங்கேதான் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“உங்கக்கா வரட்டும்” என்றார். “அவகிட்டயும் ஒரு தடவை கேட்டுக்கறேன்.”

உன் தங்கை